முப்பத்தைந்து சதம்

பின்னேரம் மூன்றரைக்குக் கவுண்டரை மூடி
எண்ணத் தொடங்குவேன்.
ஐயாயிரம், ஆயிரம், ஐந்நூறு,
வியர்வையில் ஒட்டிய இருபதுகள்,
பாஷையூரிலிருந்து வரும்
செதில் காய்ந்த நூறுகள்.
பதினேழு வருடத்தில் ஒருநாளும்
கணக்குப் பிழைத்ததில்லை.
அதனால்தான்,
ஜெயராகவன் வில்லை மடியில் வைத்துவிட்டு
"அக்கா, கொஞ்சம் ஏறிப் போறியள்" என்றபோது
நம்பவில்லை.

"இறங்கிறன் எண்டு சொல்லும், ஒத்துக்கொள்ளுறன்.
களைப்பு, வயசு, சளி.
ஏறுறதுக்கு எனக்கென்ன விசரே?"

பதில் சொல்லாமல் தன் போனை
என் முன் வைத்தான்.
ஒரு முள். நடுவில் பச்சைக் கோடு.
ஸா பிடித்தேன்.
முள் பச்சையைத் தாண்டி
வலப்பக்கம் போய்ச் சாய்ந்தது.
முப்பத்தைந்து சதம்.

சிரிப்பு வந்தது.
கஸ்தூரியார் வீதி முழுக்கத் திரிந்தாலும்
முப்பத்தைந்து சதத்துக்கு
ஒரு இனிப்பைச் சுற்றிய கடதாசியும் கிடைக்காது.
ஆனால் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே
இருப்பதே மொத்தம் நூறு சதம்.
அதில் மூன்றில் ஒன்றுக்கும் மேலே
நான் நாள்தோறும் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தேன்,
யாருக்கென்று தெரியாமல்.

அன்றிரவு கொக்குவில் வீட்டில்
அறை அறையாகத் தேடினேன்.
சுருதிப் பெட்டி, அது சரி.
மின்விசிறி, அதற்கு ஸ்வரமே இல்லை.
குசினிக்குள்
கவிழ்த்த சட்டிகளுக்குப் பக்கத்தில்
கதவோரம் துருவேறி நின்றது பிரிட்ஜ்,
ம்ம்ம்ம் என்று.
கண்ணை மூடி அதோடு முனகினேன்.
தேடவே வேண்டியிருக்கவில்லை;
வீட்டுச் செருப்புக்குள் கால் போவதுபோல
குரல் போய் இருந்துகொண்டது.

பதினொரு வருடம்
இந்தக் குசினியில்தான் என் சாதகம்,
ஒரு கை அகப்பையில்.
பெட்டி ஒரு ஸா சொல்ல,
பிரிட்ஜ் ஒரு ஸா சொல்ல,
காது பழகிய முகத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது.
மின்சார சபைக்குச் சுருதி ஞானம் இல்லை.
ஐந்தும் இல்லாத ஐந்தரையும் இல்லாத ஒன்றை
ஊர் முழுக்கக் கம்பியில் அனுப்பி
மாதாமாதம் பில்லும் தருகிறார்கள்.

பிளக்கைக் கழற்றினேன்.
கூடத்து அலுமாரியை
யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல
வீடு விரிந்தது.
ஸா.
முள் நடுங்கி, பச்சையில் நின்றது.

அறைக்குள்ளிருந்து தயாபரன்:
"ஏன் அதை நிப்பாட்டினனீர்?
என்ர இன்சுலின் எல்லோ கிடக்கு."

மாட்டினேன்.

பிறகு கண்டுபிடித்ததுதான் இது.
காசு எண்ணுகிறவளுக்கு வரக்கூடிய புத்தி.
நான் சரியான இடத்தில் நின்றால்
பிரிட்ஜின் முனகல் என் குரலில் மோதி
செக்கனுக்கு நாலு தரம் துடிக்கிறது.
மூன்று என்றால் அதன் பக்கம் சாய்கிறேன்.
இரண்டு, இன்னும் மோசம்.
துடிப்பே இல்லாமல்
இனிப்பாய், இழைந்து, சுகமாய் இருந்தால்
முழுக்கப் பிழை.

இப்போதெல்லாம் இரவில்
சுவர் மணிக்கூட்டுக்கு முன் நின்று
தொடையில் விரலால் எண்ணுகிறேன்.
நாலு. நாலு. மூன்றரை.
திரும்ப.
ஒத்துப்போகாமல் ஒருவரோடு
இவ்வளவு நேரம் ஒரே அறையில் நிற்பது
பெரிய வேலை. நாரி உளைகிறது.

சனிக்கிழமை ஜெயராகவன் போனை எடுக்கவேயில்லை.
வில்லையும் இறக்கவில்லை.
அவனுடைய பாராட்டு அவ்வளவுதான்.

நேற்று எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
நடு ஸாவில் நின்றேன்.
குசினி ஒரேயடியாய் இருண்டு
எதிரே மோத எவருமில்லாமல் போக,
என் குரல் மட்டும் நின்றது, வழுவழுவென்று.
எங்கே நிற்கிறது என்று
பார்க்க முள்ளும் இல்லை.
நாலை மனதுக்குள் போட்டுக்கொண்டு
மூச்சு முடியும்வரை பிடித்தேன்.

இருட்டில் தயாபரனின் குரல்:
"எங்கட வீட்டுக்கு மட்டும் கரண்ட் இருக்கோ?
பிரிட்ஜ் ஓடுறமாதிரிக் கேக்குது."